கழுத்துக்குக் கீழே

நான் பெற்றது ஒரே பிள்ளை. ஆனால் போன வருடம் எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் கடலில் இருந்தான், இன்னொருவன் அட்டையில் இருந்தான். எங்கள் வீட்டில் மரியாதையெல்லாம் அட்டையில் இருந்தவனுக்குத்தான்.

அந்த அட்டையை எங்கள் தலையில் கட்டியது கேப்டன் வீட்டம்மா. என் மகன் கடற்படையில் இன்ஜின் அறை மெக்கானிக். அவன் போன கப்பலின் கேப்டனுக்கு ஒரு மனைவி, அந்த மனைவிக்கு ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்கு நாங்கள் குடும்பங்கள். கப்பல் வெளிநாட்டுக் கடலுக்குக் கிளம்பினால் அவருக்கு வீட்டில் வேலை இருக்காது. வேலை இல்லாதவர்கள் நல்லது செய்யக் கிளம்பிவிட்டால் அவர்களிடமிருந்து யாராலும் தப்பிக்க முடியாது. எங்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பிரிவைத் தாங்குவது எப்படி என்று ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்தார். அந்த ஆள் பேசிய நேரத்தைத் தாங்கியதற்கே எங்களுக்குப் பதக்கம் கொடுத்திருக்கலாம்.

ஒருநாள் எல்லோரையும் சங்கத்தின் பெரிய அறைக்கு வரச்சொன்னார். சுவரோரமாக நீளத் துணி போட்டு எதையோ மூடிவைத்திருந்தார்கள். கேப்டன் வீட்டம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்க பசங்க உங்களை விட்டு எங்கேயும் போகல. இதோ, உங்க கூடவேதான் இருக்காங்க" என்று சொல்லித் துணியை இழுத்தார்.

ஆளுயர அட்டைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சீருடை, தொப்பி, சிரிப்பு. சுற்றிலும் வெட்டி, பின்னால் ஒரு கால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அறை முழுக்க அம்மாக்கள் ஒரே நேரத்தில் அழுதார்கள். நானும் என் பிள்ளையைத் தேடிப் போனேன். முகம் அவனுடையதுதான். பல்லுக்கிடையில் இருக்கும் சந்து கூட அப்படியே இருந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே யாரோ ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

என் பிள்ளைக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பையை அந்தப் பக்கமே மாட்டி மாட்டி வந்த வினை. கை என்னுடையதைப் போலக் குட்டையாக இருக்கும். இன்ஜின் அறைக்குப் போகிறவனுக்கு வயிறு வைக்காது என்று சொன்னார்கள், இவனுக்கு வைத்திருந்தது. அட்டையில் இருந்தவனுக்கோ பீரோ மாதிரி நெஞ்சு. நான் பக்கத்து அட்டையைப் பார்த்தேன். அதே நெஞ்சு. அடுத்ததிலும் அதே நெஞ்சு, அதே கை, அந்தக் கையில் அதே கடிகாரம். அத்தனை கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின. எவனோ ஓர் அழகனை நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, அவன் கழுத்தில் எங்கள் பிள்ளைகளின் தலைகளை வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "நல்லாப் பாருங்க, இது உங்க பையன் கையா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி வளர்ந்துட்டான் பாருங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிற இடத்தில் சிரித்தால் மைக் வைத்திருப்பவர்கள் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். கேப்டன் வீட்டம்மா என்னிடம் வந்து என்னவென்று கேட்டார்.

"உடம்பு எல்லாம் ஒண்ணா இருக்கே மேடம்?"

"ஆளாளுக்குத் தனியா போட்டோ எடுக்க நேரம் கிடைக்கலம்மா. முகம்தானே முக்கியம்?"

"அப்ப முகத்தை மட்டும் குடுத்திருக்கலாமே."

விஷயம் புரியாதவர்களுக்கென்று அவர் ஒரு புன்னகை வைத்திருப்பார். அதை எனக்குக் கொடுத்துவிட்டு அடுத்த அம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போனார். போகும்போது தலையைத் திருப்பி, சாப்பிடும்போது அட்டையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், மனசு லேசாகும் என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்.

இதை என் கணவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க ஏறி இறங்கினாரே தவிர எங்கேயும் போய்ச் சேராத மனிதர். மகனுக்குக் கடற்படையில் வேலை கிடைத்ததும் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அட்டை கிடைத்ததும் தரையில் கால் பாவவில்லை. ஆட்டோவில் கொண்டுபோகலாம் என்றேன். கேட்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே வந்தார். அதுவும் நேர் வழியில் இல்லை. முடிவெட்டும் கடை, மருந்துக்கடை, தபால் அலுவலகம் என்று எங்கெல்லாம் ஆள் நிற்பார்களோ அங்கெல்லாம் சுற்றி வந்தார். நான் அவருக்குப் பின்னால், எனக்கும் அந்த ஊர்வலத்துக்கும் சம்பந்தமில்லாத மாதிரி வந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் மகன் உட்காருகிற நாற்காலியை எடுத்துப் பரண் மேல் போட்டார். அந்த இடத்தில் அட்டையை நிறுத்தினார். அதன் முன்னால் ஒரு தட்டு வேறு. நான் திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறேன். அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்துவிட்டுக் கால் கடுக்க வீட்டுக்கு வந்தால், "புள்ளைக்குத் தட்டு வைக்கலையா?" என்று கேட்பார். நான் கடையிலிருந்து கொண்டுவந்த நல்ல சாம்பிள் துணியை எடுத்துத் தினமும் அதன் மூஞ்சியைத் துடைப்பார். என் மூஞ்சியில் வியர்வை வழிந்தால் ஃபேன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தெருவும் லேசுப்பட்டதில்லை. எதிர் வீட்டு இன்சூரன்ஸ்காரர் வரும்போதெல்லாம் அட்டைக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். மாடி வீட்டுப் பெண்கள் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் தங்கைக்குப் பார்க்கலாமா என்று கூடக் கேட்டாள். "பையன் நல்ல உயரம்" என்றாள். இவர் கூசாமல் "ஆமா" என்றார்.

"செருப்போட அளந்தாலும் என் காதுக்குத்தான் வருவான்" என்றேன் நான். அதன் பிறகு அவள் தங்கையைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை.

உண்மையான பிள்ளை எப்போதாவது போனில் வருவான். கப்பல் கரைப்பக்கம் போய் சிக்னல் கிடைத்தால்தான் பேச முடியும். இவர் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கொண்டுபோய் அட்டையின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

"கீழ ரொம்பச் சூடா இருக்கும்மா" என்பான் அவன்.

"எல்லாம் நாட்டுக்காகப்பா!" என்று இவர் அட்டையைப் பார்த்துக் கத்துவார்.

"தண்ணி குடிச்சுக்கோடா" என்பேன் நான்.

"அப்பா ஏன் எங்கேயோ பார்த்துப் பேசுற மாதிரி இருக்கு?"

"உன்னைப் பார்த்துத்தான்டா பேசுறாரு" என்பேன். அவனுக்கு அட்டை விஷயத்தை நான் சொல்லவில்லை. கடலில் இருக்கிறவனுக்கு இருக்கிற தலைவலி போதாதா?

பிறகு அந்தத் தீ விபத்து. நடுக்கடலில் இன்ஜின் அறையில் ஏதோ குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. அணைத்துவிட்டார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கேப்டன் வீட்டம்மா எங்கள் போன் குழுவில் 'அனைவரும் நலம், வதந்தி வேண்டாம்' என்று செய்தி போட்டு, கூடவே ஒரு பூங்கொத்துப் படமும் போட்டார். என் பிள்ளையின் குரலைக் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் அந்த நாட்களிலும் அட்டைக்குத் தட்டு வைத்தார்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது பொய். என் பிள்ளைக்கு ஆகியிருந்தது. புகைக்குள் மாட்டிக்கொண்டு, வழி தெரியாமல் தடவித் தடவி ஏணியைப் பிடித்து மேலே வந்தவன், அதன்பின் கீழே இறங்கவே மாட்டேன் என்று மேல்தளத்தில் உட்கார்ந்துவிட்டான். அங்கேயே தூங்கினான். திட்டினார்கள், கெஞ்சினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இன்ஜின் அறைக்குப் போகமாட்டேன் என்கிற இன்ஜின் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு கப்பல் என்ன செய்யும்? ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று முடித்துவிட்டார்கள்.

அவன் வந்தது ஒரு மத்தியானம். மணி அடித்து, நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் இவர் கதவைத் திறந்துவிட்டார். வாசலில் என் பிள்ளை. தொளதொளவென்று ஒரு சட்டை, கையில் ஒரு பை, ஒட்டிப்போன கன்னம். தகப்பன் கேட்ட முதல் கேள்வியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"யூனிஃபார்ம் எங்கடா?"

"வாங்கிக்கிட்டாங்கப்பா."

நான் அவரைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அவன் தோள் எலும்பு என் நெஞ்சில் இடித்தது. உள்ளே வந்தவன் மேஜையைப் பார்த்தான். சீருடையும் சிரிப்புமாக ஒருத்தன் அவன் இடத்தில் நிற்கிறான், முன்னால் தட்டு.

"இது யாருப்பா?"

"நீதான்டா!"

அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். "நான் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் மேஜைக்கு வரவில்லை. தட்டில் போட்டு வைத்தால் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, நின்றபடியே சாப்பிடுவான். "உட்காரேன்டா" என்றால் "பரவால்லம்மா" என்பான். வீட்டுக்கு வந்த விருந்தாளி கூட அப்படிச் சாப்பிடமாட்டான். எனக்கு அவன் மறுபடி கப்பலேற வேண்டாம், வேறு வேலைக்குக் கூட இப்போது போகவேண்டாம். என் பிள்ளை என் மேஜையில், அவன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்குக் குறுக்கே நின்றது ஓர் அட்டை.

"ஏங்க, அதை எடுங்க முதல்ல" என்றேன்.

"எடுக்கிறதுக்கு இப்ப என்ன அவசரம்? லீவுல வந்திருக்கான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

நானே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்க பால்கனியில் போட்டேன். மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் பழைய இடத்தில் நிற்கிறது, பளபளவென்று துடைத்து. நான் வாய் திறப்பதற்குள் அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. "அந்த லிஃப்ட்டுக்குள்ள வந்தவன் எவனும் என் மூஞ்சியைப் பார்த்ததில்லடி. இந்த ஒரு வருஷம்தான் நாலு பேர் என்னைப் பார்த்து எழுந்து நின்னாங்க" என்றார். எனக்கு இரக்கம் வந்தது. இந்த ஆளுக்குப் போய் இரக்கப்படவேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமும் வந்தது.

பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "விடும்மா, அது இருக்கட்டும். அவருக்கு அதைத்தான் பிடிச்சிருக்கு" என்றான்.

அவனையும் நான் சும்மா விடவில்லை. அடுப்படியில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம், "உன் இடத்தை ஒரு அட்டைக்கு விட்டுக் குடுத்துட்டு இங்க வந்து நிக்கிறியே, வெட்கமா இல்ல?" என்று கேட்டேன்.

"நான் பயந்துட்டேன்மா."

"புகை வந்தா பயப்படாம கொட்டாவியா விடுவாங்க?"

"மத்தவங்க எல்லாரும் மறுபடி இறங்கினாங்கல்ல."

"இறங்கட்டும். அவங்களை நான் பெக்கலை."

அவன் தட்டைக் கழுவிவைத்தான். அந்தத் தட்டை அவன் கழுவிய அழகைப் பார்த்தாலே தெரிந்தது, இந்த வீட்டில் தனக்குப் பாத்தியதை இல்லை என்று முடிவு பண்ணிவிட்டான்.

அந்த வாரக் கடைசியில், சாப்பாட்டு நேரத்தில் கேப்டன் வீட்டம்மா காரில் வந்து இறங்கினார். கூடவே டிரைவர். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல கோப்பையைத் தேடினார், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டார், "உக்காருங்க மேடம், தம்பியைப் பார்க்க வந்தீங்களா?" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. தம்பி எங்கே என்று கேட்கவும் இல்லை. அவர் பார்வை நேராக மேஜைக்குப் போய் அட்டையில் நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க. சங்கத்துல ஒரு விதி இருக்கு. சர்வீஸ்ல இல்லாதவங்க வீட்டுல யூனிஃபார்ம் இருக்கக்கூடாது. படமா இருந்தாலும் அப்படித்தான்" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல். "அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

இவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் ஓடிப்போய் அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நாள் இருக்கட்டும் மேடம். உடம்பு தேறினதும் மறுபடி சேர்ந்துடுவான். நான் பேசுறேன் மேடம், நான் அனுப்பிவைக்கிறேன்."

"அது நடக்காதுங்க." கேப்டன் வீட்டம்மா அந்தப் புன்னகையை எடுத்தார். "உங்க பையனைக் குத்தம் சொல்லல. எல்லாருக்கும் அந்தத் துணிச்சல் இருக்காதுல்ல."

அடுப்படி வாசலில் என் பிள்ளை நின்றுகொண்டிருந்தான். கையில் பாதி சாப்பிட்ட தட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அந்த அம்மா அவனைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி டிரைவர் பக்கம் திரும்பினார். தகப்பனோ அட்டையின் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பெற்ற பிள்ளையைக் கோழை என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போகப்போகிறாள், இவர் அட்டைக்காக அழுகிறார். இப்படி ஒரு கேவலத்தை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

நான் போய்க் கடைப் பையைத் திறந்தேன். தடித்த திரைத்துணியை அறுக்க நாங்கள் வைத்திருக்கும் கட்டர் அதில் இருந்தது. திரும்பி வந்து கணவரின் கையைப் பிரித்துவிட்டு, அட்டையை மேஜைமேல் சாய்த்தேன். காலருக்கு மேலே, தாடைக்குக் கீழே, கத்தியை வைத்து இழுத்தேன்.

"ஐயோ, புள்ளையை அறுக்கிறாளே!" என்று அவர் அலறினார்.

"புள்ளை அங்க நிக்கிறான், தட்டோட. கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பினார். நான் வேலையை முடித்தேன். தலை தனியாகக் கையோடு வந்தது. அதை மேஜையிலேயே போட்டுவிட்டு, நெஞ்சும் பொத்தானும் கடிகாரமுமாக மிச்சத்தைத் தூக்கி அந்த அம்மாவின் முன்னால் நிறுத்தினேன்.

"எடுத்துட்டுப் போங்க மேடம். கழுத்துக்குக் கீழ எதுவும் எங்க வீட்டுப் பொருள் இல்ல. அடுத்து எவனாவது சேருவான்ல, தலையை மட்டும் ஒட்டிக்கோங்க. செலவு மிச்சம்."

"என்ன பண்ணியிருக்கீங்க நீங்க? இது சங்கத்தோட சொத்து!"

"அதான் திருப்பிக் குடுக்கிறேனே."

"அந்த முகமும்..." என்று கையை நீட்டினார்.

"முகம் நான் பெத்தது. இதுக்கும் உங்க சங்கத்துல விதி இருக்கா?"

என்னைப் பார்த்துப் புன்னகைக்க முயன்றார், முடியவில்லை. டிரைவர் தலையில்லாத ஆளை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். எதிரே ஏறிவந்த இன்சூரன்ஸ்காரர் பழக்கதோஷத்தில் சல்யூட் வைத்தார். தலை இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கையால் அப்படியே காதைச் சொறிந்துகொண்டார்.

நான் பரண் மேலிருந்து நாற்காலியை இறக்கினேன். துடைக்கக்கூட இல்லை. மேஜைக்குக் கொண்டுபோய் அதன் இடத்தில் போட்டேன்.

"வந்து உட்காரு" என்றேன்.

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் சுவரோரமாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் அவர் அவனை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றார்.

"வரும்போதே இப்படித்தான்பா இருந்தேன்."

அவர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து என் பிள்ளையும் தட்டைக் கொண்டுவந்து வைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிக்கொண்டு வந்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. மேஜையில் கறை பிடிக்குமே என்று கீழே வைக்க எதையாவது தேடினேன். அறுத்துப் போட்ட அந்தத் தலை அங்கேயே சிரித்துக்கொண்டு கிடந்தது. அதை நடுவில் தள்ளி, பாத்திரத்தை அதன்மேல் வைத்தேன்.

"அம்மா, என் மூஞ்சி மேலயா வைக்கிற?" என்றான் என் பிள்ளை. அவன் பல்லுக்கிடையில் இருந்த சந்து தெரிந்தது.

"உனக்குச் சுடுதா?"

"இல்ல."

"அப்ப சாப்பிடு."